41 பேருக்கு ஒரு மடல்

போன ஆடி மாதம் ஒரு காலை, எங்கள் தெருவில் ‘அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா’ என்று ஒரு குரல் கேட்டது. பத்து வருடமாகக் கேட்காத குரல். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். பெரியவர் ஒருவர். தோளில் சாக்குப் பை, அதற்குள் நாலைந்து உளி, ஒரு சுத்தியல். கொல்லையில் கிடந்த அம்மியை இரண்டு பேராகத் தூக்கி வந்து வாசலில் போட்டோம்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உளியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, ஒரு புள்ளிக்கு ஒரு தட்டு. அரிசியைப் பரப்பி வைத்ததுபோல் வரிசை வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. நாலு வரிசைக்கு ஒருமுறை வாயால் ஊதித் தூளைத் தள்ளினார். சில்லு தெறிக்கும்போது முகத்தை மட்டும் ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார்; கை நிற்காது.

அன்று இரவு இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. பத்திரிகைக்கு அனுப்பும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை. முகநூலில் போட்டால் மறுநாள் காலைக்குள் அடியில் போய்விடும். மின்னஞ்சலைத் திறந்து, இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று தோன்றிய உறவினர்கள், நண்பர்கள், பழைய சக ஊழியர்கள் என 41 பேரைச் சேர்த்து ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். என் மடலின் முதல் இதழ் அதுதான். மாதம் ஒன்று என்று இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது.

41 என்பது குறைவில்லையா என்று கேட்கிறார்கள். எனக்கு எழுத்தாளர் சி.சு. செல்லப்பா நினைவுக்கு வருகிறார். 1959 ஜனவரியில், சென்னை திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே அறிவித்துக்கொண்டார். தேடி வந்து சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணிக்கையை ‘எழுத்து’ எட்டவே இல்லை. ஆனாலும் 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்தது அந்தப் பக்கங்களில்தான். அது இலக்கிய இதழ், பலரும் எழுதியது. என் மடலை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: யாருக்காக எழுதுகிறோம் என்பதை எழுதுகிறவரே முடிவு செய்யலாம்.

முகம் தெரிந்து எழுதும்போது எழுத்தே மாறுகிறது. முன்னுரை தேவைப்படுவதில்லை. சலூன் கடைப் பலகையில் கையால் எழுதிய ‘ழ’வின் வளைவைப் பற்றி அரைப் பக்கம் எழுதலாம். வேலியில் தானாக முளைத்த கோவைக்கொடியைப் பற்றி எழுதலாம். யாரைக் கவர வேண்டும் என்ற கவலை இல்லாததால், பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லிவிட முடிகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள் சொல்ல வேண்டும். முதல் மடலில் எல்லா முகவரிகளையும் ‘டூ’ கட்டத்திலேயே போட்டுவிட்டேன். ஒருவர் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பத்தான் ‘பிசிசி’ கட்டம் இருக்கிறது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு அனுப்பலாம். ஆனால் கூட்டமாகப் போகும் கடிதம் ஸ்பேமில் விழக்கூடும். ஆள் கூடினால் இதற்கென்றே உள்ள சேவைகளுக்குப் போவது நல்லது. போனாலும் முகவரிப் பட்டியலின் நகல் உங்கள் கணினியில் இருக்கட்டும்; சேவைகள் மூடப்படுவதும் உண்டு. சின்ன மடல்கள் எழுதுவோர் விரும்பிய டைனிலெட்டர் என்ற சேவை 2010-இல் வந்தது. 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி மூடப்பட்டது.

தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் கடிதத்தைப் பாதியில் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும், ‘க’வுக்கு 3 பைட் வேண்டும், ‘கொ’ என்றால் துணைக்குறியும் சேர்ந்து 6. எனவே நீளமான தமிழ்க் கடிதம் சீக்கிரமே அந்த வரம்பைத் தொட்டுவிடும். என் மூன்றாவது மடலின் கடைசிப் பத்தி, நான் ஆசை ஆசையாக எழுதியது, பலர் கண்ணில் படவே இல்லை.

எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று காட்டும் வசதியும் மடல் அனுப்பும் சேவைகளில் உண்டு. நான் அணைத்து வைத்திருக்கிறேன். அது தெரிந்தால், அதிகம் பேர் திறந்த விஷயத்தையே திரும்பத் திரும்ப எழுதத் தோன்றும். பதில் கடிதம் போதும். எந்தச் சிற்றிதழ் வந்தாலும் படித்துவிட்டு அஞ்சலட்டையில் நாலு வரி எழுதிப் போடுவார் எழுத்தாளர் வல்லிக்கண்ணன். அவருடைய ஒரு கார்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக எழுதியவர்கள் உண்டு. அந்த நாலு வரிக்கு ஈடான எண் எதுவும் எனக்குத் தெரியாது.

41 பேரில் ஒருவரிடம் மின்னஞ்சல் இல்லை. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியம்மா. அவருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இரண்டு தாளில் அச்செடுத்து, கவரில் போட்டு, 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறேன். அம்மி மடலுக்கு அவர் இன்லேண்ட் லெட்டரில் பதில் எழுதியிருந்தார்: “கொத்தின அம்மில ஒடனே மொளகாய வச்சு அரச்சிராத. மொதல்ல தவிட்டப் போட்டு அரச்சுக் கழுவு. பெறகு கொஞ்சம் பச்சரிசி. கல்லுமாவு போற வரைக்கும் அரைக்கணும்.”

அப்படியே செய்தேன். முதல் தடவை தவிடு சாம்பல் நிறமாக வந்தது. பச்சரிசி மூன்றாம் தடவைதான் வெள்ளையாக வந்தது. அன்று தேங்காய்த் துவையல். பெரியம்மாவின் கடிதத்தை அடுத்த மடலில் அப்படியே சேர்த்தேன். அதைப் படித்த மூன்று பேர் தங்கள் வீட்டு அம்மியைத் தேடி எடுத்ததாக எழுதினார்கள்.

இந்த மாதத்து மடல் எழுதி முடித்தாயிற்று. 40 பேருக்குப் போய்விட்டது. பெரியம்மாவின் கவர் மேசைமேல் இருக்கிறது. தெருமுனைப் பெட்டியில் 4 மணிக்குத் தபால் எடுப்பார்கள்.