ஒரு சாண் விலகினால் சுவர்

மத்தியதரைக் கடலோரம், பிரான்ஸ் தேசத்தின் மடியில் ஒண்டிக்கொண்டு, முழு விஸ்தீரணமே ஏறத்தாழ இரண்டு சதுர கிலோமீட்டராக இருக்கிற மொனாக்கோ என்னும் சிற்றரசில், உலகத்தின் அதிவேக மோட்டார் கார்கள் வருஷந்தோறும் வந்து கடைத்தெருவிலும் கப்பல்துறையிலும் ஏன் ஓட வேண்டும் என்று கேட்டால், அதற்கு விடையாக ஒரு மனு நிராகரிக்கப்பட்ட கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920களில் அந்நாட்டு மோட்டார் சங்கத்தார், ஏனைய தேசங்களின் சங்கங்களுக்குச் சமானமாகத் தங்களையும் சர்வதேச சம்மேளனம் அங்கீகரிக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொண்டபோது, ‘நீங்கள் நடத்துகிற மான்டி கார்லோ ராலி பிற தேசத்துச் சாலைகளில் அல்லவா ஓடுகிறது, உங்கள் மண்ணிலேயே நடக்கும் பந்தயம் எங்கே?’ என்ற ஆட்சேபம் எழுந்தது. மண் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இருந்ததெல்லாம் மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கிய சில தெருக்கள்தாம். சங்கத்தைச் சேர்ந்த அந்தோனி நோகெஸ் அந்தத் தெருக்களையே வளைத்துப் பந்தயப் பாதையாக்கினார். 1929 ஏப்ரல் 14ஆம் தேதி, டிராம் தண்டவாளங்களையும் நடைபாதைக் கற்களையும் விளக்குக் கம்பங்களையும் சமாளித்துக்கொண்டு 100 சுற்றுச் சுற்றி, மணிக்குச் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில், பச்சை வர்ணம் பூசிய புகாட்டி ஒன்றில் முதலாவதாக வந்தவர் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ்.

இன்றைய பாதையின் நீளம் 3.337 கிலோமீட்டர்; பந்தயம் 78 சுற்று. பெருக்கிப் பார்த்தால் 260 கிலோமீட்டர்தான் வருகிறது. மற்ற ஊர்களில் 305 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது என்றிருக்கும் ஃபார்முலா ஒன் விதி இந்த ஒரு வீதிக்காக மட்டும் தளர்த்தப்பட்டிருக்கிறது. அந்தத் தூரத்தை இங்கே ஓடி முடிக்க நேரம் காணாது. வளைவுகளின் பெயர்களைக் கேட்டாலே ஊரைச் சுற்றிப் பார்த்தாற்போல் இருக்கும். முதல் வளைவுக்குத் தேவோத் என்னும் புனிதையின் சிற்றாலயம் பெயர் கொடுத்திருக்கிறது; மலையேறினால் சூதாட்ட மாளிகையின் சதுக்கம்; இறங்கித் துறைமுகத்தை அடைந்தால் ஒரு புகையிலைக் கடையின் பெயரால் ஒரு திருப்பம்; அப்புறம் நீச்சல் குளம்; கடைசி வளைவு நோகெஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாதையின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் 42 மீட்டர் வித்தியாசம் உண்டு என்பது, மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகத் தட்டையாக்கிக் காட்டும் தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்குச் சற்றும் புலப்படுவதில்லை.

சதுக்கத்திலிருந்து இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடக்கும் பாதைகள் அனைத்திலும் இதைவிட மந்தமான திருப்பம் கிடையாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு வழிவிடுகிறவைபோல், அந்த யந்திரங்கள் ஊர்ந்து திரும்புகின்றன. நேர்ச்சாலையில் பறப்பதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட காருக்கு முன்சக்கரங்கள் இவ்வளவு மடங்குவது இயல்பன்று. ஆகையால் இந்த ஒரு வாரத்துக்கென்று ஸ்டீரிங் அமைப்பையே மாற்றிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மாடவீதி மூலையில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நேர் வீதியில் வடம் பிடித்தவர்களின் பலம் தேரை நகர்த்துகிறது; மூலையிலோ, எந்தக் கணத்தில் எந்தச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகுவது என்று அறிந்த ஓரிருவரின் கைப்பக்குவம்தான் அதைத் திருப்புகிறது.

ஆனால் குறுகிய வீதியின் கஷ்டம் திருப்பங்களோடு தீர்ந்துவிடுவதில்லை. பந்தயத்துக்கென்றே கட்டிய திடல்களில் ஓட்டுகிறவன் பிரேக்கைச் சிறிது தாமதமாக மிதித்துவிட்டால், பாதைக்கு வெளியே இருக்கும் சரளையிலோ அகன்ற தார்வெளியிலோ புகுந்து, இரண்டொரு வினாடிகளைப் பறிகொடுத்து, வெட்கத்தோடு திரும்பி வருகிறான். சென்னைக்கு அருகே, இரண்டாம் உலக யுத்தகாலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பந்தயம் பார்த்த தலைமுறையினருக்கு அந்த விசாலம் ஞாபகம் இருக்கும். மொனாக்கோவில் அந்தப் பிராயச்சித்தத்துக்கு இடமில்லை. வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் ஒரு சாண். அதற்கப்பால் இரும்புத் தடுப்பு. வேடிக்கை என்னவென்றால், வேகமாகப் போக விரும்புகிறவன் அந்தத் தடுப்பை விட்டு விலகிப் போகவும் முடியாது. வளைவை எவ்வளவு அகலமாக எடுக்கிறானோ அவ்வளவு வேகம் மிஞ்சும். ஆகையால் டயரின் பக்கவாட்டு இரும்பை முத்தமிடுகிற அளவுக்கு, சுற்றுக்குச் சுற்று, அதே இடத்தில், அதே நெருக்கத்தில் போய்வர வேண்டும். உரசினால் பாதகமில்லை, சக்கரத்தைத் தாங்கும் தண்டு இடித்தால் பந்தயம் அங்கேயே முடிந்தது. அப்படி முடிந்துபோன கார்களை ஓரத்தில் தள்ளி வைக்கவும் இடம் இல்லாமையால், தடுப்புக்கு அப்பால் தயாராக நிற்கும் கிரேன்கள் அவற்றைப் பல்லியைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போகின்றன.

தெரு என்பது பந்தயத்துக்காகப் போடப்பட்டதல்ல என்ற சாமானிய உண்மை, இன்னும் பல ரூபங்களில் வந்து நிற்கும். மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவே உயர்த்தி இரு ஓரமும் சரித்திருப்பார்கள். கார் அந்த முதுகின்மேல் ஏறும்போது ஒரு சக்கரத்தின் பிடிப்புத் தளரும். பாதசாரிகளுக்காகப் பூசிய வெள்ளை வர்ணம், ஈரம் பட்டால் எண்ணெய் தேய்த்த பலகையாகும். இவற்றையெல்லாம்விட விஷமத்தனமான வஸ்து ஒன்று உண்டு. அது பாதாளச் சாக்கடை மூடி. லாரியும் பஸ்ஸும் மேலே ஏறினாலும் அசையாமல் கிடக்கிற அந்த இரும்பை ஒரு பந்தயக் கார் எப்படிப் பெயர்க்கும் என்று தோன்றலாம். இந்தக் கார்களின் அடித்தட்டு, தரைக்கு வெகு அருகில், காற்று அதிவேகமாக ஓடி அழுத்தம் குறையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. காரைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் அதே உறிஞ்சல், கீழே கிடப்பதையும் மேலே இழுக்கிறது. 2016இல் மொனாக்கோவிலேயே ஒத்திகை ஓட்டத்தின்போது ஒரு மூடி கிளம்பி ஜென்சன் பட்டனின் காரைத் தாக்கியது. 2023இல் லாஸ் வேகாஸ் நகர வீதியில், ஏராளமான பணத்தைக் கொட்டி ஏற்பாடு செய்த பந்தயத்தின் முதல் ஒத்திகை தொடங்கிப் பத்து நிமிஷங்கூட ஆகுமுன், தண்ணீர்க் குழாயின் மூடி ஒன்று கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியை அடியோடு பிளந்துவிட்டது. இதற்காகவே வீதிப் பந்தயம் நடக்கும் ஊர்களில் மூடிகளைப் பற்றவைத்துப் பூட்டுகிறார்கள். 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு வீதிப்பாதை அமைத்து இரவுப் பந்தயம் நடத்தியபோது, சர்வதேச சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வந்து சேரும்வரை சனிக்கிழமை ஓட்டங்கள் தாமதப்பட்டதை நினைத்துக்கொண்டால், தினசரிச் சாலையைப் பந்தயச் சாலையாக்குவது எத்தனை பிரயத்தனமான காரியம் என்பது தெரியும்.

பழைய நாட்களில் இந்த ஜாக்கிரதைகளும் இல்லை. 1955 மே 22ஆம் தேதி, இரண்டு முறை உலக சாம்பியனான ஆல்பெர்ட்டோ அஸ்காரி, சுரங்கப்பாதையைக் கடந்து துறைமுகத்துக்கு இறங்கும் வளைவில் பிடிப்பை இழந்து, காரோடு கடலில் விழுந்தார். மூக்கில் ஏற்பட்ட காயத்தோடு நீந்திக் கரையேறினார். கடல் விட்டுக்கொடுத்த உயிரை, நான்கே நாட்களில், இத்தாலியின் மோன்சாவில் ஒரு சோதனை ஓட்டம் பறித்துக்கொண்டது. 1967இல் லொரென்ஸோ பண்டினியின் ஃபெராரி அதே துறைமுக வளைவில் மோதித் தீப்பற்றியபோது, பாதுகாப்புக்கென்று வைத்திருந்த வைக்கோல் கட்டுகளே நெருப்புக்கு இரையாகித் தீயை வளர்த்தன. 82ஆவது சுற்றில் நடந்தது அது; களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதினார்களோ என்னவோ, அடுத்த வருஷம் 100 சுற்று 80 ஆயிற்று. பண்டினி மூன்றாம் நாள் இறந்துபோனார்.

வீதி மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம். 1950இல், புகையிலைக் கடைத் திருப்பத்தில் கடலலை ஒன்று எழும்பிச் சாலையை நனைத்துவிட, முதற்சுற்றிலேயே கார்களில் ஏறத்தாழ பாதி ஒன்றின்மேல் ஒன்று மோதிக் கிடந்தன. எல்லோருக்கும் முன்னே போய்விட்ட ஃபான்ஜியோவுக்கு அது தெரியாது. இரண்டாவது சுற்றில் அந்த இடத்தை நெருங்கியபோது, முன்னணியில் வருகிற தம்மையே நோக்கியிருக்க வேண்டிய கூட்டத்தின் முகங்கள் அனைத்தும் வேறு திசையில் திரும்பியிருப்பதை அவர் கவனித்தார்; அந்தக் கணமே பிரேக்கை மிதித்து, உடைந்த கார்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறி, பந்தயத்தையும் வென்றார். வளைவுக்கு அப்பால் பார்வை எட்டாத வீதியில், ஜனங்களின் பின்னந்தலையும் ஒரு கைகாட்டி.

மற்றது 1988இல் நடந்தது. இந்த வீதியில் ஆறு முறை வென்று, இன்றுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை வைத்திருக்கிற அயர்ட்டன் சென்னா, அன்று இரண்டாமவரைவிட ஏறக்குறைய 50 வினாடி முன்னால் இருந்தார். இனி அவசரம் வேண்டாம், நிதானமாகப் போகலாம் என்று அணியிலிருந்து சொன்னார்கள். நிதானித்தார், பதினோரு சுற்று மிச்சமிருக்கையில், சுரங்கத்துக்கு முந்திய வளைவில் சுவரில் மோதினார். ஆவேசமாக ஓட்டிய அறுபது சுற்றுகளிலும் நேராத பிழை, கவலையற்று ஓட்டியபோது நேர்ந்தது. காரை விட்டு இறங்கியவர், பந்தய முகாமுக்குப் போகாமல், சிறிது தூரத்திலிருந்த தம் வீட்டுக்கே நடந்து போய்விட்டார்.

இனி, ரஸிகர்களின் முக்கியமான புகாருக்கு வருகிறேன்: இங்கே எவரும் எவரையும் முந்த முடிவதில்லை. இரண்டு கார்கள் அருகருகே நிற்க வீதியில் இடம் இருக்கிறது. இரண்டும் அருகருகே திரும்ப இடம் இல்லை. வெளியோரத்தில் தொடங்கி, உள்மூலையைத் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்கு விரிவதுதான் வளைவின் இலக்கணம். அந்த ஒரே கோட்டில் முன்னே இருப்பவன் இருந்துவிட்டால், பின்னே வருகிறவன் எவ்வளவு வேகசாலியானாலும் வால்பிடித்து வரவேண்டியதுதான். ஒரு காலத்தில் இதுவே இந்த வீதியின் மகிமையாகவும் இருந்தது. 1961இல் பலம் குறைந்த லோட்டஸ் ஒன்றில் ஸ்டிர்லிங் மாஸ், முன்னணியைப் பிடித்தபின், தம்மைவிடச் சக்தி வாய்ந்த ஃபெராரிகளைக் கடைசிவரை பின்னாலேயே நிறுத்தி வென்றார். 1992இல் புது டயரோடு பாய்ந்துவந்த நைஜல் மான்செல், கடைசிச் சுற்றுகளில் சென்னாவின் இடப்புறமும் வலப்புறமும் மாறிமாறித் தலைநீட்டியும், கால் வினாடிக்குக் குறைவான தூரத்தில் தோற்றார். சனிக்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றின் வரிசையே பாதிப் பந்தயம் என்றாகிவிட்டது; அப்படி ஓட்ட நேரத்தை வைத்து வரிசையைத் தீர்மானிக்கும் வழக்கமும் கிராண்ட் பிரீ பந்தயங்களில் முதன்முதலாக 1933இல் இதே மொனாக்கோவில்தான் பிறந்தது. அதற்குமுன் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்!

வீதி அன்றுபோலத்தான் இருக்கிறது. வண்டிகள்தாம் ஊதிப் பெருத்துவிட்டன என்பது என் அபிப்பிராயம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் ஆகிவிட்ட கார்களை 2026 விதிகள் அகலத்தில் பத்து சென்டிமீட்டர் குறுக்கியிருக்கின்றன. பெருங்காய டப்பாவுக்குள் பூசணிக்காயை நுழைக்கப் பார்க்கிறவன் காம்பை மட்டும் நறுக்கிய கதை. 2025இல் ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு தடவை நின்று டயர் மாற்றியே தீர வேண்டுமென்று கட்டளையிட்டுப் பார்த்தார்கள். சில அணிகள், ஒரு காரை வேண்டுமென்றே மந்தமாக ஓடவிட்டு மற்றவர்களையெல்லாம் அதன் பின்னே தேக்கிவைத்து, தங்கள் இன்னொரு கார் சாவகாசமாக டயர் மாற்றிக்கொண்டு வர வழி செய்தன. விதி செய்கிறவர்களின் புத்தி குறுக்குவழி கண்டுபிடிக்கிறவர்களின் புத்திக்கு முன்னே ஓடியதாக எங்கே சரித்திரம் உண்டு?

2024ஆம் வருஷத்துப் பந்தயம் இந்தச் சலிப்பின் சிகரம். முதற்சுற்று விபத்தினால் ஓட்டம் நிறுத்தப்பட்டபோது, எல்லோருமே டயர் மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் எவருக்கும் நிற்க வேண்டிய அவசியமில்லை. முதல் பத்து இடங்களில் புறப்பட்ட பத்துப் பேரும் புறப்பட்ட அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். உலக சாம்பியன் பந்தயங்களில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. முன்னே சென்றவர், டயர் தேயாதிருக்கவேண்டி, கூடியமட்டும் மெதுவாக ஓட்டினார். அவர் சார்ல்ஸ் லெக்லேர். அந்த ஊரிலேயே பிறந்தவர். 2021இல் முதலிடம் பெற்றும் அச்சுப் பகுதி பழுதுபட்டுப் புறப்படவே முடியாமல் நின்றவர். 2022இல் முதலிடத்தில் புறப்பட்டும் அணியின் கணக்குப் பிசகால் நான்காவதாக முடித்தவர். மொனாக்கோக்காரர் ஒருவர் அங்கே வென்று, 1931இல் லூயி ஷிரோன் வென்றதற்குப் பிறகு, 93 வருஷம் ஆகியிருந்தது. இரண்டு சுற்று மிச்சமிருக்கையில், மகனின் இந்த வெற்றியைக் காணாமலே 2017இல் மறைந்துபோன தகப்பனார் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டாராம். சுரங்கத்தின் இருட்டிலிருந்து துறைமுகத்தின் வெயிலுக்குள், பாதையிலேயே அதிக வேகமான அந்த இடத்தில் பாய்ந்து வருகையில், கண்ணில் நீர் திரையிட்டு எதிரே சாலை சரியாகத் தெரியவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார்.