எளிய ஆறு, கடினப் பாடம்

ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி களைகட்டும் நாட்களில், பக்கத்திலேயே தாமிரபரணி செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இது நெல்லைத் தாமிரபரணி அல்ல. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேரும் குமரி மாவட்டத்து ஆறு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இதற்கு உண்டு.

இதே ஆடி மழையில், இதே மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் வடக்கே, கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்கு வெளிநாட்டுப் படகோட்டிகள் வந்து இறங்குகிறார்கள். சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் நடக்கும் மலபார் நதித் திருவிழாவுக்காக வருகிறவர்கள் இவர்கள். 2013-இல் தொடங்கிய இந்த விழாவின் நாயகன் கயாக். ஒருவர் கால் நீட்டி உட்கார்ந்து, இருபுறமும் தகடு உள்ள துடுப்பால் செலுத்தும் சிறு படகு அது. பாறைகளுக்கு இடையே நுரைத்துப் பாயும் நீரில் அவர்கள் வளைந்து நெளிந்து போவதைப் பார்ப்பவருக்கு, ‘எவ்வளவு பயங்கரமான ஆறுகளில் பழகியிருப்பார்களோ!’ என்றுதான் தோன்றும்.

பெரும்பாலும் நடந்தது வேறு. அவர்கள் நெடுநாள் பழகியது சாதாரண ஆறுகளில்தான்.

பாயும் ஆறுகளை உலகெங்கும் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் மெல்லிய சலசலப்பு. 6 என்றால் உயிரைப் பணயம் வைக்கும் இடம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை, 2-ஐ முடித்ததும் 3-க்கும் 4-க்கும் தாவுவது. நல்ல பயிற்சியாளர்கள் இந்த ஆசைக்கு அணை போடுகிறார்கள். இரண்டாம் தர ஆற்றிலேயே இருந்துகொண்டு நான்காம் தரத்துக்குத் தேவையான வித்தைகளைச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். நீர் இழுத்த இழுப்பில் கீழே போய்ச் சேர்வது ஒரு வழி. அதே இடத்தில் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் நின்று, குறுக்கே கடந்து, மறுபடி எதிரேறி வருவது இன்னொரு வழி. ஆறு ஒன்றுதான், பாடம் வேறு.

பாறைக்குப் பின்னால் அப்படி என்ன இருக்கிறது? ஓடும் நீர் பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. பாறையின் பின்புறம் பள்ளம் விழ, அதை நிரப்பக் கீழ்ப்பக்கத்து நீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி வருகிறது. அந்த ஒதுக்கத்தில் படகு சும்மா நிற்கும். படகோட்டிகள் இதை ‘எடி’ என்பார்கள். இளைப்பாறவும் அடுத்த வழியை நோட்டமிடவும் அதுதான் இடம். சிக்கல் அதன் விளிம்பில் இருக்கிறது. ஒரு கோட்டுக்கு இப்புறம் நீர் மேலே போகிறது, அப்புறம் கீழே பாய்கிறது. ஒதுக்கத்திலிருந்து வெளியேறும் படகின் மூக்கு ஓட்டத்துக்குள் நுழைந்ததும் நீர் அதைக் கீழ்ப்பக்கம் தள்ளும். வால் இன்னும் எதிர்நீரில் இருக்கும். கணப்பொழுதில் படகு சுழலும். அந்த நேரத்தில் மேல்நீர்ப் பக்கத்து விளிம்பு தாழ்ந்திருந்தால் நீர் அதன் மேல் ஏறிக் கவிழ்த்துவிடும். எனவே இடுப்பை அசைத்து அந்த விளிம்பைத் தூக்கி, படகைக் கீழ்நீர்ப் பக்கம் சாய்க்க வேண்டும். எத்தனை பாகை சாய்ப்பது, எந்தக் கோணத்தில் நுழைவது என்பதை வாயால் சொல்லித்தர முடியாது. நூறு தடவை செய்தால்தான் உடம்புக்குப் புரியும்.

அந்த நூறு தடவையைக் கடுமையான ஆறு தராது. காரணம் எளிய இயற்பியல். நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்கிறது. நொடிக்கு 1 மீட்டர் ஓடும் நீரைவிட 3 மீட்டர் ஓடும் நீர் 9 மடங்கு பலமாகத் தள்ளும். யோசிக்கக் கிடைக்கும் நேரமோ மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். மெதுவான நீரில் தவறினால் நனைந்து எழுந்து திரும்ப முயலலாம். வேகமான நீரில் தவறினால் அன்றைய பயிற்சி அத்தோடு சரி. சில நேரம் அதைவிட மோசம்.

இருசக்கர வாகன உரிமத்துக்கு மைதானத்தில் எட்டு போடச் சொல்கிறார்களே, அதன் சூட்சுமமும் இதுதான். நேரான நெடுஞ்சாலையில் எண்பதில் போவதைவிட, கால் ஊன்றாமல் மெதுவாக எட்டு போடுவது கடினம். சமநிலை பிசகினால் உடனே தெரிந்துவிடும், விழுந்தாலும் பெரிய அடி படாது.

மூளையும் இப்படித்தான் கற்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 1978-இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தைகளைச் சிறு பைகளை இலக்கு நோக்கி எறியச் சொன்னார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டுமே பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் மாறி மாறிப் பழகியது. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அந்தத் தூரத்தில் ஒருமுறைகூடப் பழகாத இரண்டாம் குழுவே துல்லியமாக எறிந்தது. அடுத்த ஆண்டு ஷே, மார்கன் இருவரும் நடத்திய கையசைவுச் சோதனையும் இதற்கு ஒத்துப்போனது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். அசைவுகளைக் கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினாலும், பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அவர்களிடம்தான் பாடம் தங்கியிருந்தது. ஒரே பாறையை வலமிருந்தும் இடமிருந்தும், முன்னோக்கியும் பின்னோக்கியும் அணுகிப் பழகுவதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

ஒரே நீரில் பாடத்தை மட்டும் கடினமாக்கும் இந்த வழியை ஒலிம்பிக்கில் இடம்பெறும் கயாக் ஸ்லாலம் போட்டியிலும் காணலாம். 1933-இல் ஸ்விட்சர்லாந்தில் தொடங்கியபோது அது அசையாத நீரில்தான் நடந்தது; பாயும் நீருக்கு வந்தது பிற்பாடுதான். நீர்மேல் தொங்கும் கம்பங்களுக்கு இடையே புகுந்து போக வேண்டும். பச்சை வெள்ளைக் கம்பம் என்றால் ஓட்டத்தோடு, சிவப்பு வெள்ளை என்றால் ஓட்டத்தை எதிர்த்து. கம்பத்தைத் தொட்டால் 2 நொடி தண்டம், விட்டுவிட்டால் 50 நொடி. ஆற்றைக் கடினமாக்காமல் பாதையைக் கடினமாக்கும் ஏற்பாடு இது.

கவிழ்ந்த படகை நீருக்குள்ளிருந்தே நிமிர்த்தும் வித்தையையும் குளத்தில்தான் தொடங்குகிறார்கள். தலைகீழாகத் தொங்குபவருக்கு மூச்சுக்காகத் தலையை முதலில் தூக்கத் தோன்றும். தூக்கினால் அந்தப் பாரமே படகைத் திரும்பக் கவிழ்க்கும். இடுப்பைச் சொடுக்கிப் படகை முதலில் நிமிர்த்தி, தலையைக் கடைசியாக எடுக்க வேண்டும். இயல்பான உந்துதலுக்கு நேர் எதிரான இந்த வரிசையை, பயம் இல்லாத நீரில்தான் உடம்பில் பதிக்க முடியும்.

எளிய ஆறு எல்லாவற்றையும் கற்றுத்தராது என்பதும் உண்மை. பெரிய நீர்ச்சுருளின் இழுப்பையும், இரைச்சலில் வரும் பதற்றத்தையும் கடுமையான ஆற்றில்தான் அறிய முடியும். ஆனால் அங்கே போகும்போது கையும் இடுப்பும் தாமாக இயங்கினால், மனம் பயத்தைச் சமாளிக்க நேரம் கிடைக்கும்.

இன்னொன்று: எளிய ஆறு வேறு, ஆபத்தில்லாத ஆறு வேறு. குழித்துறையில் ஆற்றின் குறுக்கே உள்ளது போன்ற தடுப்பணைகள் பார்வைக்குச் சாதுவானவை. நீர் சுவரைத் தாண்டி ஒரே சீராக விழுந்து, அடியில் சுருண்டு மீண்டும் சுவரை நோக்கியே திரும்புகிறது. இயற்கைப் பாறைகளில் எங்காவது ஓர் இடைவெளி வெளியே விடும். கரைக்குக் கரை நீளும் இந்தச் சுருளில் அந்த வழி இல்லை. காற்றுக் குமிழ் நிறைந்த நீர் ஆளைச் சரியாக மிதக்கவிடாது என்பதால் தேர்ந்த படகோட்டிகளும் தடுப்பணை அருகே போவதில்லை. நீரில் சாய்ந்து கிடக்கும் மரக்கிளைகளும் அப்படியே: நீர் ஊடே போய்விடும், மனிதர் சிக்கிக்கொள்வார். பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவியின் முகமே மாறிவிடுவதைக் குமரி மக்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். காலையில் இரண்டாம் தரமாக இருந்த ஆறு மாலையில் அதே தரத்தில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே கயாக் கற்க விரும்பும் இளைஞர்களே, முதலில் நன்றாக நீந்தப் பழகுங்கள். பயிற்சி பெற்றவர் துணையின்றி இறங்காதீர்கள். மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் துடுப்பைத் தொடாதீர்கள். அணை திறப்பு அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள். அடுத்த தர ஆற்றைத் தேடும் முன், இந்த ஆற்றின் ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் நினைத்தபடி நின்று காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவரை இந்த ஆறே போதும்.