சிக்னல் குறைந்தால் கதிர்வீச்சு கூடும்

தெருவில் செல்போன் டவர் வரப்போகிறது என்று தெரிந்தால், கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு கூட்டமாகக் கிளம்பிவிடுகிறோம். போனைக் காதோடு அழுத்தி மணிக்கணக்கில் பேசும்போது அந்தப் பயம் வருவதில்லை. இப்படிப் பேசுகிறவர் தலைக்குள் இறங்கும் ரேடியோ அலையில் பெரும்பங்கு, தூரத்து டவரிலிருந்து வருவதல்ல. கையிலிருக்கும் போனிலிருந்து வருவதுதான்.

டவர் தள்ளிப் போகப்போக, அதை எட்டிப்பிடிக்க போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். 4ஜி போனின் உச்சம் சுமார் 0.2 வாட். சிக்னல் நன்றாக இருந்தால் அதில் சிறு பங்கே போதும். லிஃப்ட்டுக்குள்ளும் ஓடும் ரயிலிலும் உச்சத்தை நெருங்கிவிடும். டவரை ஊருக்கு வெளியே துரத்தினால், ஊரிலுள்ள ஒவ்வொரு போனும் கூடுதல் சக்தியோடு இயங்கும். இதை மனு எழுதுகிறவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் போனில் *#07# அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 'எஸ்ஏஆர்' அளவு திரையில் வரும். ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் உள்வாங்குகிறது என்ற கணக்கு அது. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் இதன் வரம்பு 1.6. தலைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். உடலுக்கான எண், ஆய்வகத்தில் போனுக்கும் உடலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அளந்தது. சட்டைப் பையில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது?

2023 செப்டம்பரில் பிரான்ஸின் அலைவரிசை ஆணையம் ஐபோன் 12-ஐக் கையில் பிடிக்கும் நிலையில் அளந்தது. அந்த நிலைக்கு அங்கே எஸ்ஏஆர் வரம்பு 4, வந்ததோ 5.74. மூன்று வருடமாகச் சந்தையில் இருந்த போனின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஆப்பிள் அந்த முடிவை மறுத்தது. ஆனாலும் பிரான்ஸுக்கென்று மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. விற்பனைக்கு வந்த பிறகும் இப்படிச் சோதித்து, பெயர் சொல்லி வெளியிடும் ஆணையம் எந்த நாட்டு மக்களுக்கும் வேண்டும்.

புற்றுநோய் வருமா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. அதே நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்து 2024-இல் வெளியான விரிவான மறுஆய்வு, மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை என்றது. இந்த அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் வலு கிடையாது; திசுவைச் சற்றே சூடாக்கும் என்பது மட்டும் உறுதி. எனவே அலறத் தேவையில்லை.

ஆனால் போனைத் தள்ளி வைப்பது சுலபமானது, செலவில்லாதது. சில சென்டிமீட்டர் தள்ளினாலே உடலில் இறங்கும் அளவு வெகுவாகக் குறையும். நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கரோ இயர்போனோ போதும். ஒற்றைக் கோடு சிக்னலில் அழைப்பு வந்தால், "வெளியே வந்து கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். இரவில் போனைத் தலையணைக்கு அடியில் வைக்காமல் எட்டத்து மேசையில் வையுங்கள்; குழந்தை பக்கத்தில் படுத்திருந்தால் கட்டாயம்.