தொழில்நுட்பம் என்னும் எழுத்தறிவு – 9: பாலாடைக்கட்டியின் ஈய உறை

அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பாடத்திட்டத்தில் 2022-23 கல்வியாண்டில் இடம்பெற்ற ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் இரு தாள்களைப் பற்றி இத்தொடர் பேசிவருவதை வாசகர்கள் அறிவர். ஏரி நீரைப் பாசனத்துக்கு விடும் குமிழித் தூம்பு இவ்வாரம் விளக்கப்படும் என்று சென்ற இதழில் சொல்லப்பட்டிருந்தது. அதற்கு முன்பாகத் தரங்கம்பாடியின் அச்சகம் வழிமறிக்கிறது.

தொழில்நுட்ப எழுத்தறிவு என்பது ஒரு கருவியை இயக்கத் தெரிந்திருப்பது மட்டுமன்று. அக்கருவி ஏன் அந்த வடிவம் பெற்றது, எந்தத் தட்டுப்பாட்டுக்கு விடையாக வந்தது, அதனால் எது மிச்சமாயிற்று என்பவற்றைக் கேட்டு எடைபோடும் பழக்கமும் அதில் அடங்கும். அமெரிக்காவின் தேசியப் பொறியியல் அகாதெமி 2002இல் வெளியிட்ட அறிக்கை இதனை அறிவு, சிந்தித்துச் செயற்படும் முறை, செய்திறன் என்று மூன்றாகப் பகுத்தது. அந்த அறிக்கை பொதுமக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாயினும், தன் துறைக்குள் மட்டுமே கணக்குப் போடப் பழகிய பொறியியல் மாணவருக்கும் இவற்றுள் நடுவில் நிற்பதே பெரும்பாலும் குறைவுபடுகிறது.

‘தமிழர் மரபு’ தாளின் இறுதி அலகில் தமிழ்ப் புத்தகங்களின் அச்சு வரலாறு ஒரு தொடராக வந்து போகிறது. ஒவ்வோர் அலகுக்கும் மூன்று மணிநேரம், தாள் முழுமைக்கும் பதினைந்து மணிநேரம், ஒரு கிரெடிட் என்ற அளவுக்குள் அத்தொடர் பெரும்பாலும் ஆண்டுகளும் பெயர்களுமாகச் சுருங்கிவிடுகிறது. 1706இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு வந்திறங்கினார், அவரது முயற்சியால் அங்கே அச்சகம் அமைந்தது, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது என்று மூன்று வாக்கியங்களில் இரண்டு மதிப்பெண்ணுக்கான விடை முடிந்துவிடும். அந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவே விடுபட்டுப் போவதுதான் பொறியியல்.

இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி வந்த கப்பல், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டது. உடன் புறப்பட்ட அச்சாளர் வழியிலேயே இறந்துபோக, பொறி மட்டும் 1712இல் கரை சேர்ந்தது. இயந்திரம் இருந்தும் அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாத இந்நிலையே, கருவி வேறு கைத்திறன் வேறு என்பதற்குப் போதிய பாடமாகும். அடுத்து ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவையோ அளவில் பெரியவை, தாளோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். எழுத்தின் உயரமும் அகலமும் பாதியாகக் குறைந்தால் அதே வாசகத்துக்கு வேண்டிய தாளின் பரப்பு கால்பங்காகிவிடும் என்ற எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தால், சிறிய எழுத்தை ஏன் உள்ளூரிலேயே வார்க்க நேர்ந்தது என்பது விளங்கும்.

அதை வார்த்தவர் யோகான் கோட்லீப் ஆட்லர். எழுத்துக்கு வேண்டிய ஈயத்துக்கு அவர் பயன்படுத்தியது, இலண்டன் சங்கம் உணவுக்காக அனுப்பியிருந்த செஷைர் பாலாடைக்கட்டிகளைப் பொதிந்து வந்த ஈய உறைகள். ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடுவதால் சிறிய உலையே போதும். ஆயினும் வெறும் ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மழுங்கக்கூடியது என்பதால் அச்செழுத்து வார்ப்போர் அதனுடன் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலப்பது வழக்கம். எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கிய எஃகு முளையைச் செம்பில் அடித்துப் பள்ளம் ஏற்படுத்தி, அப்பள்ளத்தின் மேல் வார்ப்புக்கூட்டைப் பொருத்தி உருகிய உலோகத்தை ஊற்றுவதே அக்காலத்து முறை. எழுத்தைச் சிறிதாக்கியும் தாள் கட்டுப்படியாகாததால் அருகிலுள்ள பொறையாரில் காகிதம் செய்யும் பட்டறையும் எழுந்தது.

உலோகவியல், வடிவியல், சரக்குப் போக்குவரத்து, செலவுக் கணக்கு ஆகிய நான்கும் ஓர் ஈய உறைக்குள் வந்து கூடுகின்றன. கணித்தமிழ் என்ற தலைப்பில் எழுத்துருவையும் விசைப்பலகையையும் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ தாளில் படிக்கும் மாணவர், குறைந்த இடத்தில் தமிழெழுத்தை எப்படி அடக்குவது என்ற இதே கேள்வியைத் திரையின் முன்னிருந்து எதிர்கொள்கிறார். ஆனால் மரபு ஒரு பருவத்திலும் தொழில்நுட்பம் அடுத்த பருவத்திலுமாகப் பிரிந்துகிடப்பதால், இரண்டும் ஒரே கேள்வி என்பது அவருக்குச் சொல்லப்படாமலே போகிறது.

நீரோடித் துளையும் சேறோடித் துளையும் கொண்டு, ஏரி நீரைப் பாசனத்துக்கு விடும்போதே வண்டலையும் வெளியேற்றிய குமிழித் தூம்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் இத்தாள்களை நடத்தும் ஆசிரியர்கள், ‘தமிழ் எழுத்தை வார்த்தவர் யார்?’ என்னும் வினாவை ‘ஏன் சிறிதாக வார்த்தார்?’ என்று ஒருமுறை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் கூடுதல் மணிநேரமோ கூடுதல் கிரெடிட்டோ தேவையில்லை.