மணிக்கட்டு சொல்லும் சேதி
(தொடர் – 7)

சென்ற வாரம் தோட்டப் பெண்களின் இரத்தச்சோகையைப் பார்த்தோம். இரத்தம் குறைந்தால் முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும். எலும்பு மெலிவதற்கு அப்படி ஓர் அறிகுறி இல்லை. காவத்தையிலோ தெஹியோவிட்டவிலோ ஈரச் சரிவில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறியும்வரை எவருக்கும் தெரியாது. முறிந்த பிறகும் ‘வழுக்கி விழுந்தாள்’ என்ற கணக்கில் பிளாஸ்டர் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்; அது அகன்றதும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் நின்ற நிலையிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், அந்த முறிவே ஒரு பரிசோதனை முடிவு என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. சப்ரகமுவத் தோட்டங்களில் அதைப் படிக்க ஆளில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்த இயந்திரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மிகக் குறைந்த கதிர்வீச்சில், இருவேறு சக்திகொண்ட எக்ஸ்ரே கதிர்களால் இடுப்பையும் முதுகெலும்பையும் அளந்து, இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இல் வரையறுத்தது. ஆனால் அது எலும்பின் பரப்பைத்தான் பார்க்கிறது, ஆழத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே சிறிய உடல்வாகு உள்ளவரின் எலும்பு உள்ளதைவிட மெலிந்ததாகத் தெரியலாம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள்; நாடு முழுவதற்கும் அது 17 சதவீதம். அப்படி வளர்ந்து உயரம் குறைந்த பெண்கள் மிகுந்த இடத்தில் இயந்திரத்தின் இந்தக் குறை சின்ன விஷயமல்ல. மறுபுறம், முதுகெலும்பு மூட்டுகள் தேய்ந்து எலும்பு முளை விட்டிருந்தால் எண் பொய்யாக உயரும். முப்பது வருடம் கொழுந்து சுமந்த முதுகில் அதுவும் நடக்கக்கூடியதே. இதையெல்லாம் விடப் பெரியது 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. மாதவிடாய் நின்ற சுமார் ஒன்றரை இலட்சம் பெண்களுக்குக் கை, குதிகால் போன்ற இடங்களில் அடர்த்தியை அளந்து ஓராண்டு தொடர்ந்தார்கள். எலும்பு முறிந்தவர்களில் 82 சதவீதத்தினரின் எண் மைனஸ் 2.5ஐவிட மேலேதான் இருந்தது.

உடலுழைப்பு எலும்பை உரமாக்கும், மலையேறி இறங்குபவளுக்கு இந்த நோய் ஏன் வரப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுமை எலும்பைத் தூண்டுவது உண்மை. ஆனால் தூண்டப்பட்ட எலும்பு வளரச் சுண்ணச்சத்தும் புரதமும் வேண்டும். காலையில் கோதுமை மா ரொட்டியும் பிளேன்டீயும், இடையில் பிரசவங்களும் பாலூட்டலும், பிறகு மாதவிடாய் நின்றதும் சரியும் ஹோர்மோன்: வேலை கேட்பதை உணவு தராத வாழ்க்கை அது. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு தின்பதும் முருங்கைக் கீரையும் குரக்கனும் எலும்புக்கு உதவும். ஆனால் அவற்றை வாங்கவும் ஆக்கவும் கூலியும் நேரமும் வேண்டும். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முழங்கால் வலிக்கும் ‘எலும்புத் தேய்மானம்’ என்கிறோம், எலும்பு மெலிவுக்கும் அதையே சொல்கிறோம். முன்னது மூட்டின் குருத்தெலும்பு கெடுவது, வலிக்கும். பின்னது முறியும்வரை வலிக்காது. முழங்கால் வலிக்குக் கல்சியம் மாத்திரை தருவது மருந்து மாறிய வைத்தியம்.

இயந்திரம் இல்லாமல் முடிவெடுத்தால் தேவையற்றவர்களுக்கும் மருந்து போய்ச் சேராதா? அதற்குத்தான் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பு இருக்கிறது. வயது, உயரம், எடை, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைத்தல், ஸ்டீராய்டு மாத்திரை போன்ற கேள்விகளைக் கொண்டு பத்தாண்டு அபாயத்தைச் சொல்கிறது. இலங்கைக்கென்றே தனிக் கணக்கு அதில் உண்டு. அடர்த்தி எண் இல்லாமலும் அது இயங்கும். அபாயம் தெளிவாக உயர்ந்தவருக்கு மருந்து, ஐயத்துக்குரியவருக்கு மட்டும் இயந்திரம் என்று பிரித்துவிட்டால் பஸ் செலவும் ஒருநாள் பெயரும் (கூலியும்) எத்தனையோ பேருக்கு மிஞ்சும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்காக 1996 முதல் அரசு நடத்தும் பெண்கள் நலக் கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சீனியும் ஏற்கெனவே பார்க்கிறார்கள். அங்கே உயரத்தை அளந்து, ‘விழுந்து எலும்பு முறிந்ததா?’ என்று கேட்க என்ன செலவாகும்? மருந்து தரும்போதும் தோட்டத்தின் காலையை நினைக்க வேண்டும். வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமலும் எதையும் உண்ணாமலும் இருக்க வேண்டும். பிளேன்டீயோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) ஓடும் பெண்ணுக்கு இதை அவளுடைய மொழியில் சொல்லித் தராவிட்டால் மாத்திரை வீண்.

உங்கள் வீட்டில் ஐம்பதைத் தாண்டிய அம்மாவோ பெரியம்மாவோ விழுந்து கை முறிந்திருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் அந்த முறிவையும் அது நடந்த வருடத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.