உரைநடையாற் பிடிபட்டவன்

மாணாக்கர் கட்டுரைகளைப் பல்லாண்டு திருத்தியவனுக்கு, பெயரை மறைத்துவிட்டாலும் எழுதியவன் இன்னானென்பது பெரும்பாலும் புலனாகிவிடும். கையெழுத்தைச் சொல்லவில்லை, சொற்களை அடுக்கும் முறையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 17 ஆண்டு காவற்றுறைக்கு அகப்படாதிருந்த ஒருவன் இம்முறையினாலேயே அகப்பட்டான்.

தியோடர் கசின்ஸ்கி 1942 இற் சிக்காகோவிற் பிறந்தவன். 16 ஆம் வயதில் ஹாவாட் பல்கலைக்கழகம் புகுந்தான். 1967 இல் மிச்சிக்கனிற் கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுப் பெர்க்லியில் உதவிப் பேராசிரியனானான். இரண்டாண்டில் அதனைத் துறந்தான். 1971 இல் மொன்ரானா மாநிலத்துக் காட்டிலே, மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத மரக்குடிலிற் குடியேறினான். இம்மட்டும் கேட்போர் அவனைத் துறவியென்றே எண்ணுவர். குடிலிற் செய்த தொழிலோ வேறு. 1978 முதல் 1995 வரை 16 குண்டுகளைத் தன் கையாற் செய்து, சிலவற்றைத் தபாலில் அனுப்பியும் சிலவற்றைத் தானே கொண்டுபோய் வைத்தும் 3 பேரைக் கொன்றான். 23 பேரைக் காயப்படுத்தினான். பொறிநுட்பம் மனிதனை அடிமையாக்குகிறதென்பது அவன் கொள்கை. அதுபற்றி வாதிடலாம். ஆயின், கணினிக் கடை வைத்துப் பிழைத்தவரும், தம் வீட்டிலே தபாற் பொதியைப் பிரித்தவரும் எந்த யந்திரத்துக்கு அரசர்?

தன் கட்டுரையை அச்சிட்டால் கொலைத்தொழிலை நிறுத்துவதாக 1995 இல் அறிவித்தான். ஏறக்குறைய 35,000 சொற்கள். நூற்பா வகுத்த இலக்கண ஆசிரியனைப் போல 232 எண்ணிட்ட பத்திகள். செப்டெம்பர் 19 ஆந் திகதி வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதனை வெளியிட்டது. கொலைஞனுக்குப் பத்திரிகை பணிவதா எனக் கண்டித்தார் உளர். பணிந்ததே அவனைப் பிடித்தது.

அவன் தம்பி டேவிட். ஐயம் முதலிற் றோன்றியது டேவிட்டின் மனைவியாருக்கே. கணவரோ நம்ப மறுத்தார். கட்டுரையைப் படித்த பின், தமையன் கடிதங்களிற் கண்ட சொற்றொடர்கள் அங்கே கிடந்தமை அவரை உலுக்கியது. பணியாரத்தைத் தின்னவும் வேண்டும், வைத்திருக்கவும் வேண்டுமென்பாரைக் குறித்த ஆங்கிலப் பழமொழியொன்றுண்டு. அதன் இரு வினைகளையும் இக்காலத்தார் சொல்லும் வரிசையில் அமைக்காது, பழைய வரிசையில் அமைத்திருந்தான் கட்டுரையாளன். கசின்ஸ்கியின் முன்னைய எழுத்திலும் அவ்வரிசையே இருந்ததைப் புலனாய்வாளர் கண்டனர். வழுவின்றி எழுதும் செருக்கே சுவடாயிற்று.

டேவிட்டின் நிலையை எண்ணுமிடத்து என் நெஞ்சு கனக்கிறது. வாய்திறவாதிருப்பின், அடுத்த பொதி யாரோ ஒருவரைக் கொல்லும். வாய்திறப்பின், உடன்பிறந்தவனுக்கு மரணதண்டனை கிடைக்கலாம். அவர் வாய்திறந்தார். 1996 ஏப்பிரல் 3 இற் கசின்ஸ்கி கைதானான். அரசு மரணதண்டனை கோரியது. தமையன் உயிருக்காக டேவிட் மன்றாடினார். 1998 இல் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. தமக்குக் கிடைத்த பத்து இலட்சம் டொலர்ப் பரிசிற் பெரும்பகுதியை, பாதிக்கப்பட்டோர் குடும்பங்களுக்கென ஒதுக்கினார் டேவிட்.

சிறையிலிருந்த தமையனுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். 2023 யூன் 10 இற் சிறைக்காவலில் இறக்கும்வரை அவன் ஒன்றுக்கேனும் மறுமொழி எழுதவில்லை.