மீன்வளப் பட்டப்படிப்பு: முடித்தபின் எந்தப் பக்கம் போகலாம்?

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவனுக்கு, களத்துமேட்டில் ஒரு கேள்வி காத்திருக்கும். "என்னடே, நாலு வருஷம் படிச்சு வலை இழுக்கவா போற?" கேட்பவரின் பேச்சில் கேலி பாதி, கவலை பாதி. இக்கல்லூரியில் சேரும் பிள்ளைகளில் கடலோரத்தைச் சேராத உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மருத்துவம், கால்நடை மருத்துவம், வேளாண்மை என வரிசையாக விண்ணப்பம் போட்டு, மதிப்பெண் பட்டியலில் இங்கே இடம் கிடைத்ததால் வந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். விரும்பித் தேர்ந்தெடுத்த படிப்பு அல்ல என்பதால், முடித்தபின் எங்கே போவது என்பதும் தீர்மானம் ஆகாமலே நிற்கிறது.

மீன்வளப் படிப்பில் மீன் பிடிப்பது ஒரு சிறு பகுதிதான். மீனின் உடற்கூறு, நன்னீரிலும் உவர்நீரிலும் மீன், இறால் வளர்ப்பு, நீரின் வேதியியல், நோய்கள், பதப்படுத்துதல், பொருளாதாரம், விரிவாக்கம் ஆகியவை எட்டுப் பருவங்களில் கற்பிக்கப்படுகின்றன. நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி 1969-ல் மங்களூரில் ஏற்பட்டது. தூத்துக்குடிக் கல்லூரி 1977-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் துவங்கி, 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 2012-ல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கென்றே பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் கீழ் வந்தது. வேளாண்மையிலிருந்து பிரிந்த கிளை என்பதால், உழவர் வீட்டுப் பிள்ளைக்கு இது அந்நியமான படிப்பு அல்ல. விதை, தீவனம், நோய், அறுவடை, விலை என்ற அதே ஐந்து கவலைகள் இங்கும் உண்டு. மண்ணுக்குப் பதில் தண்ணீர், அவ்வளவே.

முத்தின் மேல் ஆசை

தூத்துக்குடிக்கு வரும் மாணவன் மனதில் முதலில் எழும் ஆசை முத்துதான். மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பல மைல் தள்ளி, 'பார்' எனப்படும் கடலடித் திட்டுகளில் முத்துச்சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வளர்ந்தன. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கியவர்கள் அவற்றை அள்ளி வந்தார்கள். சிப்பிகள் அரசாங்கத்தின் உடைமை. பார்களைச் சோதித்து, முதிர்ந்த சிப்பி போதுமான அளவு இருக்கிறது என்று கண்டால் மட்டுமே சலாபம் நடத்தப்பட்டது. சில சமயம் இரண்டு சலாபங்களுக்கு நடுவே பல பத்தாண்டுகள் ஓடிவிடும். 1955-ல் துவங்கி நடந்த வரிசையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதன்பின் இக்கரையில் சலாபமே இல்லை.

இயற்கை கைவிட்டதை விஞ்ஞானம் எடுத்துக்கொண்டது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், கே. அழகர்சாமியின் தலைமையில், வேப்பலோடையில் சிப்பிகளை வளர்த்து, 1973-ல் நம் நாட்டிலேயே முதன்முறையாக உருண்டை வடிவ வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். சிப்பியின் உடலுக்குள் சிறு மணி ஒன்றையும், வேறொரு சிப்பியின் மேலுறைத் தசைத்துண்டையும் சேர்த்து வைத்தால், அத்தசை பையாக வளர்ந்து மணியின் மீது முத்துப்பூச்சைப் படியவிடுகிறது. முறை இதுதான். 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்வதிலும் இம்மையம் வெற்றி கண்டது.

இத்தனை சாதித்தபின் இக்கரை நெடுகிலும் முத்துப் பண்ணைகள் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. ஜப்பானில் முத்து வளர்க்கும் கடல், மலைகள் சூழ்ந்த அமைதியான குடாக்கள். தூத்துக்குடிக் கடலோ திறந்த கடல். பருவக்காற்றில் தெப்பங்களும் கூடைகளும் அலைக்கழிகின்றன. சிப்பியின் மேல் கொட்டலசு ஒட்டுகிறது, ஓட்டைத் துளைக்கும் உயிர்கள் வேறு. நம் சிப்பியும் சிறியது. அது தரும் முத்தும் சிறியதே. ஆராய்ச்சிக்கூடத்தில் ஒன்று கைகூடுவது வேறு, மாதாமாதம் சம்பளம் போடும் தொழிலாக அது ஊரில் நிலைப்பது வேறு. முத்து ஆராய்ச்சியில் மனம் உள்ள மாணவனுக்கு வழி உண்டு. அது முதுகலை, முனைவர் பட்டம் என்று நீளும் படிப்பின் வழி. பட்டம் பெற்ற மறு மாதமே வேலை தேவைப்படும் வீட்டுப் பிள்ளை அதை நம்பி உட்கார முடியாது.

இதோடு ஒரு எச்சரிக்கையும் அவசியம். வீட்டுத் தொட்டியிலேயே நன்னீர் முத்து வளர்த்து இலட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று கட்டணம் வாங்கிப் பயிற்சி தருவோர் பெருகிவிட்டார்கள். நன்னீர் மட்டியில் முத்து வளர்க்கும் முறை புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தில் உருவானதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் விளைந்த முத்தை யார், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெறாமல் பணம் கட்டக் கூடாது.

இறால் பொரிப்பகமும் பண்ணையும்

முத்து தராத வேலையை இறால் தந்தது. ஆனால் சும்மா தரவில்லை. 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து, அப்போது வளர்க்கப்பட்ட வரி இறாலை அடியோடு அழித்துப் பலரைக் கடனாளி ஆக்கியது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் ஏற்பட்டு, பண்ணைகளும் பொரிப்பகங்களும் பதிவு செய்யப்பட வேண்டியதாயிற்று. 2009-ல் வன்னமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபின்தான் தொழில் மீண்டும் தலைதூக்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னையில் தனிமைப்படுத்திச் சோதிக்கப்பட்ட பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன.

பொரிப்பகத்தில் சேரும் பட்டதாரிக்கு வேலை எப்படி இருக்கும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ், ஜோயியாவாகி, மைசிஸ் ஆகி, அதன்பின் பி.எல். எனப்படும் குஞ்சாகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உணவு மாறும். முதலில் கண்ணுக்குத் தெரியாத பாசி. அதைத் தனியே வளர்த்துத் தர வேண்டும். பிறகு ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களின் கடும் உப்புநீரிலும் காணப்படும் சிறு உயிர் அது. கடல்நீரை வடிகட்டி, குளோரின் இட்டு, குளோரினை முழுதும் போக்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்து தொட்டிக்கு விட வேண்டும். ஓர் இரவு கவனம் தவறினால் காலையில் தொட்டி முழுவதும் செத்து மிதக்கும். கொடுக்கும் குஞ்சில் நோய் இல்லை என்று சோதித்த சீட்டும் விவசாயி கைக்குப் போக வேண்டும். இந்த வேலையில் ஞாயிறு, தீபாவளி கிடையாது. ஆனால் இரண்டு பருவம் ஒழுங்காகக் குஞ்சு எடுத்துக் காட்டியவனைத் தேடி அடுத்த பொரிப்பகம் வரும்.

பண்ணைத் தொழில்நுட்பர் வேலையும் இரவு வேலையே. குட்டை நீரில் பிராணவாயு விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறையும். மின்சாரம் போனால் ஏரேட்டர் நிற்கும். ஜெனரேட்டரை உடனே ஓட்டாவிட்டால் மூன்று மாத உழைப்பு மூன்று மணி நேரத்தில் போய்விடும். அறுவடை வரை இருந்து பார்க்காமல், சம்பளத் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு சேர்ந்த பிள்ளைகள் பாதியில் திரும்பிவிடுவது உண்டு. அது சோம்பேறித்தனம் அல்ல. முன்கூட்டியே யாரும் சொல்லாததன் விளைவு.

பதப்படுத்தும் ஆலைகள்

தூத்துக்குடியைச் சுற்றி கடல் உணவு ஏற்றுமதி ஆலைகள் உள்ளன. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் குளிர்ப்பெட்டிகள் இங்கிருந்தே கப்பல் ஏறுகின்றன. தரக்கட்டுப்பாடு இந்த ஆலைகளின் உயிர்நாடி. உறைய வைத்த சரக்கு மைனஸ் 18 டிகிரிக்கு மேல் போகாமல் காக்கவும், தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இல்லை என்று உறுதி செய்யவும் படித்த தொழில்நுட்பர் தேவை. ஒரு பெட்டி திருப்பி அனுப்பப்பட்டால் முதலாளிக்கு ஏற்படும் நட்டம் பெரிது. பண்ணை இரவுப் பணிக்கு மகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கு ஆலையின் ஆய்வக வேலை ஏற்புடையதாகப் படுகிறது. மாணவிகள் பண்ணை வேலைக்கு ஆகாதவர்கள் என்பது இதற்கு அர்த்தமல்ல. ஏற்றுமதியை நம்பிய தொழிலுக்கு உரிய ஆபத்து இதற்கும் உண்டு: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி விதித்தபோது, முதலில் ஆட்டம் கண்டவற்றில் இறாலும் ஒன்று.

சர்க்கார் உத்தியோகமும் வங்கியும்

வீட்டார் விரும்புவது இதைத்தான். மாநில மீன்வளத் துறையில் ஆய்வாளர், உதவி இயக்குநர் போன்ற பதவிகளுக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் இடங்கள் சொற்பமே. அதை மட்டும் நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளைப் பயிற்சி மையத்தில் கழிப்பது, தண்ணீர் வருமா என்று தெரியாத வாய்க்காலை நம்பி நாற்று விடுவதைப் போன்றது.

பலருக்குத் தெரியாத ஒரு வாய்ப்பு வங்கியில் உள்ளது. பொதுத்துறை வங்கிகளுக்கு விவசாயக் கள அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை, வேளாண் பட்டதாரிகளைப் போலவே மீன்வளப் பட்டதாரிகளும் எழுதலாம். வயது 20-லிருந்து 30-க்குள் இருக்க வேண்டும். கிசான் கடன் அட்டை 2018-19 மத்திய பட்ஜெட்டில் மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. குட்டையைப் பார்த்து, இதற்கு எவ்வளவு கடன் தாங்கும் என்று சொல்லத் தெரிந்த அதிகாரி கிராமக் கிளையில் இருந்தால் விவசாயிக்கே நன்மை. வெளி மாநிலத்துக்கு மாற்றல் வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மேலே படிக்க நினைப்பவர்கள் அகில இந்திய அளவில் நடக்கும் முதுகலை நுழைவுத் தேர்வை எழுதி, மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போகலாம். தேர்வில் முன்னிலை பெறுவோருக்கு உதவித்தொகையும் உண்டு. இதற்கான தயாரிப்பை நான்காம் ஆண்டில் துவங்கினால் தாமதம். மூன்றாம் ஆண்டிலேயே துவங்க வேண்டும்.

சொந்த நிலம் இருந்தால்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடும் வீட்டுப் பிள்ளை, படிப்பை முடித்ததும் வயலை வெட்டி இறால் விட நினைத்தால் தடுத்து நிறுத்துவதே தகப்பனாரின் கடமை. சட்டமும் இடம் தராது. உப்பேறிய மண் பிறகு நெல்லுக்கும் உதவாது. நன்னீர் மீன் வேறு விஷயம். பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து வளர்க்கலாம். ஓர் ஏக்கர் நீர்ப்பரப்புக்கு 2,000 முதல் 4,000 வரை விரலளவு குஞ்சு விடுவது வழக்கம். நல்ல பராமரிப்பில் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மீன் ஏறத்தாழ ஒரு கிலோவை எட்டும். குட்டை நீர் வாழைக்குப் பாயும்போது உரமாகவும் பயன்படும். 2020-ல் துவங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியமாக நிர்ணயிக்கப்பட்டது. நடப்பு ஆண்டு நிலவரத்தை மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்த பிறகே குட்டை வெட்ட வேண்டும். அரை ஏக்கர் குட்டை மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்காது. பக்கத்து ஊர்களுக்குக் குஞ்சு விற்பது, குட்டைகளைப் பார்வையிட்டு ஆலோசனை சொல்வது என்று படிப்பையும் சேர்த்து விற்றால்தான் பட்டதாரிக்குக் கட்டுப்படியாகும்.

எங்கே போய்ப் பார்ப்பது?

நான்காம் ஆண்டில் மாணவர்கள் களப்பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார்கள். அதற்கு முன்பே, சொந்த முயற்சியில் நாலு இடங்களைப் பார்த்துவிடுவது உத்தமம். பொரிப்பகங்களில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வேலை மும்முரமாக இருக்கும். பேராசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு பத்து நாள் தங்கினால், நாப்ளியஸ் முதல் குஞ்சு வரை ஒரு சுற்றை முழுதாகப் பார்த்துவிடலாம். அந்தப் பத்து இரவுகளில் தூக்கம் கெட்டதற்குச் சலித்துக்கொள்கிறானா, தொட்டியை எட்டிப் பார்க்க ஓடுகிறானா என்பது பையனுக்கே தெரிந்துவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்தபின், படகுகள் கரை திரும்பும் இரவு வேளையில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் நின்றால், எந்த மீன் ஆலைக்குப் போகிறது, எது கேரளத்துக்கு லாரி ஏறுகிறது, எது கருவாட்டுக்கு ஒதுங்குகிறது என்பதை ஏலத்திலேயே காணலாம். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு மீனுக்குக் கிடைக்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பையனோடு தகப்பனாரும் ஒரு முறை போய்வந்தால், களத்துமேட்டுக் கேள்விக்கு அவரே பதில் சொல்லுவார்.